கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கீலைப் பார்

மாப்ளே,

பொங்கலுக்கு ஆத்தூர் வந்து திரும்பியதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. காப்பி எடுப்பு, களத்தில் காயவைப்பது, ராத்திரிக் காவல் என்று நாள் ஓடிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தங்கச்சி கொடுத்தனுப்பிய தைலம் நன்றாகக் கேட்டிருக்கிறது, அவளிடம் சொல். மிளகு இந்த வருடம் பரவாயில்லை. கணக்கு வாத்தியார் மகள் கல்யாணத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று அவர் மூன்று முறை கேட்டார். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள், நான் மாட்டிக்கொள்ள மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஏற்காட்டு மலை நாகலூரிலிருந்து என் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மொட்டையின் மகன். முந்தின ராத்திரி முழுக்கக் களத்தில் காவல் இருந்தவன், இடது கதவில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் வந்தான். கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே போட்டிருந்தான். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம். வலது பக்கம் ஒடித்தேன். முதல் கியர், ஆள் நடக்கிற வேகம்தான். தார் பெயர்ந்த பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது. பையன் கதவோடு வெளியே போனான்.

முழங்கை ஜன்னல் விளிம்பில் மாட்டியிருந்ததால் தொங்கினான். நான் இடது கையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். பட்டன் இரண்டு தெறித்தது. அவன் கால் செருப்பு ஒன்று பள்ளத்துப் புதரில் விழுந்தது, இன்னும் அங்கேதான் கிடக்கும். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பையன் ஏறி உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல மாமா, போலாம்" என்று சிரித்தான். எனக்குத்தான் கியர் போடக் கை வரவில்லை. மொட்டையிடம் சொல்லிவிட்டேன். பையனின் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நீ போனில் உளறிவிடாதே.

அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டிக் கதவைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது, மாப்ளே. அந்தக் கதவு ஆறு மாதமாக லொடலொடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பழைய ஹவாய் செருப்பை வெட்டி, பில்லரில், அதுதான் கேபின் தூணில், கதவு வந்து உட்காரும் இடத்தில் ஒட்டினேன். சத்தம் நின்றது. நானும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் துண்டு கதவை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கதவுப் பூட்டு இரண்டு தடவை கவ்வ வேண்டும். மெதுவாகச் சாத்தினால் ஒரு 'டக்', அழுத்தினால் இன்னொரு 'டக்'. இரண்டாவது விழுந்தால்தான் கதவு பூட்டியதாக அர்த்தம். என் கதவு அத்தனை நாளும் முதல் கவ்விலேயே நின்றிருக்கிறது. பார்வைக்குச் சாத்தினது மாதிரியே இருக்கும், விரல் நுழைகிற இடைவெளிகூட இல்லை. வண்டி முறுக்குகிற இடத்தில், ஆள் பாரமும் சேர்ந்ததும் விட்டுவிட்டது. அந்தச் செருப்புத் துண்டை ஒட்டியது நான்தான் என்பது இன்னும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

இதை உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் வண்டிதான். பொங்கலன்று உன் வாசலில் நின்றதே, இடது கதவை நைலான் கயிற்றால் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டி! கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி கட்டியிருக்கிறாயே என்று நான் கேலி செய்தேன், நீயும் சிரித்தாய். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. காலையில் கிழங்கு ஏற்றப் போகும்போது பாப்பாவை அந்தப் பக்கம் உட்காரவைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறாய். கயிறு நைந்து அறுந்தால் ஒரு ஆபத்து. அறுந்துபோகாமல் உறுதியாக இருந்தால் அதைவிட ஆபத்து. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தாலோ, புகை கிளம்பினாலோ, அந்தப் பிள்ளை எந்த வழியாக வெளியே வரும்? முடிச்சை அவிழ்க்கவா முடியும்?

கோபப்படாதே. செலவு ஆகும் என்று தள்ளிப்போடுகிறாய், தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு மொத்தம் ஆனது 1,150 ரூபாய், இரண்டு நாள் வேலை. எதைச் செய்தேன் என்று முழுசாக எழுதுகிறேன், படித்துவிட்டுப் பேசு.

முதலில் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, கைப்பிடிப் பக்கத்து அடி ஓரத்தில் இரண்டு கையையும் கொடுத்து மேலே தூக்கிப் பார். உன் கதவு தூக்கியதும் மேலே வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. தூக்கும்போது உன் கண் கைப்பிடியில் இருக்கக் கூடாது, கீலில் இருக்க வேண்டும். கீலின் நடுவில் செருகியிருக்கும் இரும்புப் பின் அதன் துளைக்குள்ளேயே ஆடினால் தேய்மானம், நம் கையால் சரி செய்யலாம். கீல் தகடே பில்லரை விட்டு விலகி விலகி ஒட்டினால் போல்ட் லூஸ், முறுக்கினால் போதும். போல்ட்டைச் சுற்றித் தகரம் கீறல் விட்டிருந்தால் மட்டும் அதைத் தொடாதே, நேராக வெல்டிங் பட்டறைக்குப் போய்விடு. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்.

எனக்கு மேல் கீல்தான் அதிகம் போயிருந்தது. யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். கதவின் பாரம் முழுக்கப் பின்பக்கமாகத் தொங்குகிறது. அது மேல் கீலைப் பில்லரிலிருந்து வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே அழுத்துகிறது. இதோடு இறங்குகிற பையன்கள் எல்லாம் கதவைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்குகிறார்கள். நம் காலத்து வண்டிகளுக்குச் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் மட்டும்தான் கம்பெனியிலிருந்து வந்தது, கேபினும் கதவும் பட்டறையில் கட்டியது. என் வண்டிக் கீலில், பின்னைச் சுற்றித் துளைக்குள் இறக்குகிற உலோக வளையமான புஷ்ஷே கிடையாது, இரும்புத் துளைக்குள் இரும்புப் பின். டாடா 407 வந்த 1986-ல் அடிவாரத்தில் நின்று வண்டி எண்ணுவோமே, ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி கேபின் வண்டி வந்தால் உனக்கு ஒரு புள்ளி, பட்டறைக் கேபின் வந்தால் எனக்கு. நான்தான் எப்போதும் ஜெயிப்பேன். அந்தப் பட்டறைக் கேபின்களில் ஒன்றை வாங்கித்தான் இப்போது கீல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல கேபின்தான், மாப்ளே, இன்னும் பத்து வருடம் ஓடும். கீலுக்கு மட்டும் ஒருத்தரும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை.

முதல் நாள் சாயங்காலமே பின்களின் தலையில் டீசலை ஊற்றி ஊறவிட்டேன். மறுநாள் காலையில் கதவுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, மேலே மரக்கட்டை, அதன் மேல் மடித்த கோணிச் சாக்கு. கதவின் பாரத்தை ஜாக்கி தாங்குகிற அளவுக்கு மட்டும் ஏற்றினேன், அதற்கு மேல் ஏற்றினால் தகரம் வளையும். இரண்டு பின்னையும் ஒன்றாகத் தட்டி எடுத்துவிடாதே. கதவு மொத்தமும் உன் காலில் வந்து விழும். ஒரு கீலை முடித்து, பின் போட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்தது. இப்படிச் செய்தால் கதவைக் கழற்றவே வேண்டாம்.

மேல் பின் வெளியே வந்ததும் கையில் வைத்துப் பார்த்தேன். 10 மில்லிமீட்டர் பின் அது. நடுவில் ஒரு பக்கம் மட்டும் கரும்பைக் கடித்தது போலக் குழிந்து, வெர்னியர் அளவுகோலில் 8.5 காட்டியது. துளை வட்டமாகவே இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. குழியில் ஒட்டியிருந்த பழைய கிரீஸ் மண்ணோடு கலந்து கட்டியாகிப் போயிருந்தது. அதுதான் அரம் மாதிரி இத்தனை வருடம் தேய்த்திருக்கிறது. புதுப் பின் மட்டும் போட்டால் முட்டைத் துளைக்குள் அதுவும் ஆடும். அதனால் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறைக்குக் கீல் தகடுகளை எடுத்துப் போய், துளையைப் பெரிதாக்கி வட்டமாகக் கடைந்து, கன்மெட்டல் என்கிற வெண்கலக் கலவையில் புஷ் இறக்கிக்கொண்டேன். தகட்டை எடுத்த நேரத்துக்கு மட்டும் கதவை ஜாக்கியோடு கயிறு போட்டுக் கேபினில் கட்டி வைத்தேன். கயிற்றுக்கு உரிய வேலை அவ்வளவுதான்.

பின்னுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். கைக்குக் கிடைத்த போல்ட்டைச் செருகிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதே. மரை இருக்கிற பகுதி துளைக்குள் நின்றால் புஷ்ஷை அறுத்துத் தின்றுவிடும். மரை இல்லாத வழவழப்பான தண்டு நீளமாக இருக்கிற, உறுதியான எஃகில் செய்த ஹைடென்சில் போல்ட்டாகப் பார். அல்லது லேத்திலேயே கம்பி கடைந்து வாங்கு. தலை எப்போதும் மேலே இருக்கட்டும். அடி நட்டு கழன்று போனாலும் பின் தன் பாரத்திலேயே உள்ளே நிற்கும். என் பழைய பின்னை எந்தப் புண்ணியவானோ தலைகீழாகப் போட்டிருந்தான்.

கீல் இரண்டும் முடிந்தபின் கதவு உயர்ந்துவிட்டது. இப்போது பூட்டு போய்க் கவ்வுகிற பில்லர்க் கொக்கி பொருந்தவில்லை. ஏன் என்று கேள். கதவு தொங்கத் தொங்க யாரோ அந்தக் கொக்கியைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்! எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். கதவு சாத்தவில்லை என்றதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதலில் கொக்கிக்குத்தான் போகிறார்கள். உன் பக்கத்து மெக்கானிக்கும் அதைத்தான் செய்வார், விடாதே. கீலைச் சரி செய்யாமல் கொக்கியைத் தொடவே கூடாது. நான் கொக்கியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டைச் சற்றே தளர்த்தி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி மேலே கொண்டுவந்தேன். ஒரு தட்டு, ஒரு தடவை சாத்திப் பார்ப்பது. அரை மில்லிமீட்டர்கூடக் கணக்கு. பதினைந்து தடவை சாத்தியிருப்பேன். கடைசியில் சுண்டுவிரலால் தள்ளினேன், 'டக் டக்' என்று இரண்டும் விழுந்தது. அம்மா திண்ணையிலிருந்து, "புதுக் கதவா போட்ட?" என்று கேட்டாள்.

அப்புறம் மிச்ச சத்தம். கீல் முடிந்ததும் முக்கால்வாசி போய்விட்டது. கண்ணாடியைப் பாதி இறக்கினால் மட்டும் தடதடத்தது. கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் இருக்கும் வெல்வெட் பட்டை தேய்ந்து மொட்டையாகியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் அடிக் கணக்கில் வாங்கி மாற்றினேன். உள்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பி தகரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து அதன் மேல் சுற்றிவிட்டேன், காசே இல்லை. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடு. என் கதவில் சேறு அடைத்து, அடித்தகரம் துருவேறத் தொடங்கியிருந்தது. உங்கள் பக்கம் மழை குறைவு, ஆனால் கிழங்கு மண் புழுதியாகப் போய் உள்ளே சேரும்.

கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை, அந்த பீடிங்கையும் பார். கிழித்த செய்தித்தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழு. இறுக்கமாக வந்தால் சரி. சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் செத்துவிட்டது. செருப்புத் துண்டு மட்டும் வேண்டாம். புது பீடிங் ஒட்டினால், ஒட்டியபின் இரண்டு 'டக்'கும் கேட்கிறதா என்று பார்.

இப்போது வண்டி இறங்கும்போது எஞ்சின் சத்தமும் மூட்டைக் கயிற்றின் முனகலும் மட்டும்தான் கேட்கிறது. மொட்டையின் மகன் முந்தாநாள் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வளைவில், வாய் திறந்து தூங்கினான். நான்தான் தூங்கவிடாமல் எழுப்பி நடுவில் தள்ளி உட்காரச் சொன்னேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் ஆத்தூர் வருகிறேன். வெர்னியர், டீசல் கேன், சைக்கிள் ட்யூப், கோணி எல்லாம் எடுத்து வருகிறேன். உன்னிடம் ஜாக்கி இருக்கிறது. சனிக்கிழமைக்குள் உன் கீல் பின்னின் தடிமன், நீளம் இரண்டையும் அளந்து போன் செய், வழியில் லேத்தில் கம்பி கடைந்து வாங்கிக்கொள்கிறேன். வெளியே தெரிகிற தலையை அளக்காதே, அது பெரிதாகக் காட்டும். அதுவரை பாப்பா பஸ்ஸில் போகட்டும். தங்கச்சியிடம் மதியத்துக்குக் கோழி வேண்டாம், ரசமும் அப்பளமும் போதும் என்று சொல். கை முழுக்க கிரீஸாக இருக்கும்.

உன்
மச்சான்
நாகலூர்