வாசலுக்கு ஜப்பான் மேப்பிள் வேண்டாம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கேட் ஓரத்து வாதாங்கொட்டை மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஜப்பான் மேப்பிள் வைக்கப் போவதாக நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். அதற்காக வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலும் உண்டாம். பணம் தருவதில் எனக்குக் கஷ்டமில்லை. அந்த மரம் திருவொற்றியூரில் பிழைக்காது, அதுதான் கவலை.

மேப்பிள் அழகான மரம்தான். விரித்த உள்ளங்கை மாதிரி இலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள். ஆனால் அது ஜப்பான், கொரியா பக்கத்துக் காடுகளில் பெரிய மரங்களின் அரை நிழலில் வளர்ந்து பழகியது. உச்சி வெயிலும் சூடான காற்றும் பட்டால் இலையோரம் கருகிவிடும். வேர் மேலாகவே படரும் என்பதால் மண் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. உப்பு அதற்கு ஆகவே ஆகாது. நம் போர் தண்ணீர் பட்ட குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதை ஊற்றியா மேப்பிள் வளர்ப்பது? போதாததற்குக் கடற்காற்று வேறு.

சரி, வெயிலுக்கு நிழல்வலை கட்டலாம், மெட்ரோ தண்ணீர் ஊற்றலாம். குளிருக்கு எங்கே போவது? மேப்பிள் இலையுதிர்த்துப் பல வாரம் நல்ல குளிரில் உறங்கினால்தான் அடுத்த வருஷம் ஒழுங்காகத் துளிர்க்கும். இங்கே ஜனவரி இரவிலேயே 20 டிகிரி இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895இல். மறுபக்கம், 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்ட ஊர் இது.

இலை உதிர்வதற்கு முன்னால் மேப்பிள் செக்கச்செவேலென்று மாறுமே, நீங்கள் ஆசைப்படும் அந்தச் சிவப்புக்கும் குளிர்தான் காரணம். இரவு குளிர்ந்து பகலில் நல்ல வெளிச்சம் இருக்கும்போது பச்சையம் சிதையும், ஆந்தோசயனின் என்ற நிறமி சேரும். ‘பிளட்குட்’ மாதிரி சில ரகங்கள் துளிரிலிருந்தே சிவப்பாக இருக்கும். கடும் வெயிலில் அதுவும் மங்கிப்போகும்.

நர்சரியில் கன்று கிடைக்காவிட்டால் ஆன்லைனில் விதை வாங்கலாம் என்று ஒருவர் சொன்னாராம். தயவுசெய்து வேண்டாம். மேப்பிள் விதையை ஈர மணலில் போட்டு மூன்று மாதமாவது ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் தாய்மரம் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல ரகங்களை ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். நீல மேப்பிள் விதை என்றும் ஒன்று விற்கிறது. அப்படி ஒரு மரமே கிடையாது!

இதில் எனக்குச் சிரிப்பு வருவது எதற்கென்றால், நீங்கள் வெட்டப் போகும் மரமும் இலை சிவக்கும் மரம்தான். வாதாங்கொட்டை உதிர்வதற்கு முன்னால் ஒவ்வொரு இலையாக மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் ரத்தச் சிவப்பு என்று மாறும். சில இலையில் நடு நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதே ஆந்தோசயனின்தான், குளிர் கேட்காமலே வருகிறது. வருஷத்தில் இரண்டு முறைகூட இலை மாற்றும். கடற்கரை மரம், உப்பும் காற்றும் அதற்குப் பழக்கம். அடுக்கடுக்காகக் கிளை விரித்து அது தரும் நிழலில்தான் நம் செக்யூரிட்டி அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்கிறார். இருபது அடி எட்டவே வருஷக்கணக்கில் எடுக்கும் மேப்பிளிடம் அந்த நிழலை எப்போது எதிர்பார்ப்பது?

இலை குப்பையாகிறது, மழைநீர் வடிகாலை அடைக்கிறது என்ற புகார் நியாயமானதுதான். பெரிய இலை, அடைக்கத்தான் செய்யும். வடிகால் வாயில் கம்பிவலை போடுங்கள். பின்பக்கம் ஒரு உரக்குழி வெட்டுங்கள். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த வாதாங்கொட்டை இலையைத் தொட்டியில் போடுவார்கள். கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டுப் பார்த்தால் கொஞ்சம் அங்கேயும் போகும்.

யாருக்காவது மேப்பிள் வளர்த்தே தீர வேண்டும் என்றால், சொந்தச் செலவில், தொட்டியில், கிழக்கு வெயில் மட்டும் விழும் பால்கனியில் வைத்துப் பார்க்கட்டும். சங்கப் பணத்தில் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் இதை மறுபடி எடுங்கள். அதுவரை மரம் வெட்டும் ஆளுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்