மூடுவதற்கு முன் நிழல் கொடுத்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மாதக் கடைசியில் கூடவிருக்கும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். அதில் ஒரு பொருள்: நாய்களுக்கென்று ஒதுக்கிய, பயன்பாடு இல்லாத டாக் பார்க்கை எடுத்துவிட்டு அங்கே டூவீலர் பார்க்கிங் அமைப்பது. பயன்பாடு இல்லை என்பது சரிதான். மார்ச் பிறந்ததிலிருந்து காலை ஏழரைக்கு மேல் அங்கே ஒரு நாயையும் பார்க்க முடியவில்லை. ஆனால் எதனால் இல்லை என்ற கேள்வியை அந்தத் தாளில் காணோம். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சென்னையின் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக் பார்க்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குழுவில் பாதிப் பேர் அந்தக் கேட்டைத் திறந்து உள்ளே போயிருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே மிஞ்சிய துண்டு நிலம் அது. கீழே கான்கிரீட், அதன்மேல் டர்ஃப் எனப்படும் பச்சை பிளாஸ்டிக் புல். கிழக்கு மதிலுக்கு மேலே தகரம் அடித்து மறைத்திருக்கிறது. மேற்கே ஒன்றுமே இல்லை. உட்கார ஒரு கிரானைட் பெஞ்ச். மரம் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை. பில்டர் கொடுத்த ப்ரோஷரில் இதே இடத்தில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் துள்ளி ஓடியது. அதன் பின்னால் வரிசையாக மரங்கள் இருந்தன.

முதலில் தரையைப் பார்ப்போம். நிழல் என்றாலே எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். நாய்க்குச் சூடு கீழிருந்துதான் முதலில் ஏறுகிறது. அதற்குச் செருப்பு கிடையாது, வயிறும் தரைக்கு ஓரடி உயரத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் புல் கடும் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும் என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் உயிருள்ள புல் அவ்வளவு சுடாது, வேர் உறிஞ்சிய நீரை இலை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு நொடி தாங்க முடியவில்லை என்றால் அங்கே நாயை நடக்கவிடக் கூடாது என்பார்கள் கால்நடை மருத்துவர்கள். நம் டர்ஃபில் ஏப்ரல் மாத மதியம் மூன்று நொடிகூடத் தாங்காது.

நாற்றம் என்று புகார் வந்ததாகவும் அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் காரணம் இதே தரைதான். மண்ணாக இருந்தால் மூத்திரம் இறங்கிவிடும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அது தேங்கி, வெயிலில் வெந்து, அம்மோனியாவாகக் கிளம்புகிறது. ஹவுஸ்கீப்பிங் அக்கா தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறார். பாவம், அவர் என்ன செய்தாலும் டர்ஃபுக்கு அடியில் போய்த் தேய்க்க முடியாது.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நாய்க்கு ஏசி வைக்கச் சொல்வீர்களா?" என்று கேட்டிருந்தார். நானும் சிரித்தேன். ஆனால் நாயின் உடம்பு நம் உடம்பைப் போலக் குளிர்வதில்லை. நமக்கு மேலெல்லாம் வியர்க்கும். அதற்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. அதனால்தான் கடலோரத்து 36 டிகிரி, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் உள்மாவட்டத்து வறண்ட 38 டிகிரியைவிட நாயைப் பாடாய்ப் படுத்தும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடையில் இருப்பது இரண்டே டிகிரி. பக், ஷிட்ஸூ, ஃப்ரெஞ்ச் புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு இரைப்பதே சிரமம் என்பதால் அந்த இரண்டு டிகிரியும் சீக்கிரம் கரைந்துவிடும். நம் ஏ பிளாக்கிலேயே பக் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். (சென்னையில் ஹஸ்கி வளர்ப்பவர்களிடம் பேச எனக்கு வேறு விஷயம் இருக்கிறது. அது இந்த மடலில் வேண்டாம்.)

"காலையிலும் இரவிலும் கூட்டிப் போனால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. வேலைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நாயை அடக்கிவைக்க முடியாது. நடுவில் ஒருமுறையாவது கீழே இறக்கியாக வேண்டும். அப்போது கயிற்றைப் பிடித்து வருவது யார்? ஊரிலிருந்து வந்து பிள்ளையோடு தங்கியிருக்கும் அப்பா, அம்மா. இல்லையென்றால் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அந்தக் கிரானைட் பெஞ்சில் மதியம் யாராலும் உட்கார முடியாது. அதனால் கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங் நிழலுக்குப் போகிறார்கள், அங்கே தூணோரம் நாய் காலைத் தூக்குகிறது, மாலைக்குள் படத்துடன் புகார் குழுவில் ஏறுகிறது. குழந்தைகள் விளையாடும் இடத்து வேப்ப மரத்தடிக்கு நாய்கள் வருவதும் இதனால்தான். நாய் வளர்க்காத வீடுகளுக்கும் டாக் பார்க்கின் நிழலால் லாபம் உண்டு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். பார்க்கை எடுத்துவிட்டால் நாய்கள் எங்கும் போய்விடப் போவதில்லை. குடியிருப்பில் செல்லப் பிராணி வளர்ப்பதைச் சங்கம் பெரும்பான்மை வாக்கு எடுத்தும் தடை செய்ய முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இருக்கிற நாய்கள் இருக்கிற நிழலுக்குத்தான் வரும்.

இனி என்ன செய்யலாம் என்பது. கான்கிரீட்டைப் பெயர்த்துவிடலாம். அந்தத் துண்டு நிலத்துக்கு அடியில் பேஸ்மென்ட் இல்லை, நேராக மண்தான். மேலே செம்மண் பரப்பி அருகம்புல் போட்டால் மிதியும் தாங்கும், வெயிலும் தாங்கும். வயிறு சரியில்லாத நாய்கள் தாங்களாகவே தேடிக் கடிக்கிற புல்லும் அதுதான். மூத்திரம் பட்ட இடத்தில் அங்கங்கே மஞ்சளடிக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும்.

நிழல் எந்தப் பக்கம் வேண்டும் என்பதைத் தயவுசெய்து வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். போன வருடம் வாங்கிய பெரிய குடை கிழக்கு மதிலை ஒட்டி நிற்கிறது. மாலை நான்கு மணிக்கு அதன் நிழல் மதில்மேல் ஏறி நிற்கும், தரையில் ஒரு துண்டுகூட விழாது. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் 24, 25 வாக்கில். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்து வரும், மாலை வெயில் வடமேற்கு சாய்ந்து அடிக்கும். ஆகவே மரங்களை மேற்கிலும் வடமேற்கிலும் வைக்க வேண்டும். புங்கையும் பூவரசும் போதும். இரண்டும் நம் பக்கத்து உப்புத் தண்ணீரைத் தாங்கும், புங்கை சில வருடங்களிலேயே நிழல் கட்டிவிடும். அழகுக்காகக் குல்மொஹர் வைக்கலாம் என்று லேண்ட்ஸ்கேப் ஒப்பந்ததாரர் சொல்வார், கேட்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்தவற்றில் அந்த மாதிரி மரங்கள் எத்தனை என்று அப்போது சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மரம் வளரும் வரை வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் ஷேட் நெட் (நிழல் வலை) கட்டலாம். பத்து, பன்னிரண்டு அடி உயரத்தில் கட்டினால்தான் அடியில் காற்று ஓடும். தகரக் கூரை வேண்டவே வேண்டாம், அது வெயிலை வாங்கி அப்படியே கீழே இறக்கும். கீற்றுப் பந்தல் போலக் குளுமை எதிலும் வராது, ஆனால் ஜெனரேட்டர் பக்கத்தில் அது சரிப்படாது. நெட்டைக் கொக்கியில் மாட்டினால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கழற்றி வைத்துவிடலாம்.

கிழக்கு மதில்மேல் இருக்கும் தகரத்தை எடுத்துவிட்டுக் கம்பி வலை போடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நாமே காசு கொடுத்து அதை அடைத்து வைத்திருக்கிறோம்.

தண்ணீர் விஷயம் அவசரம். அங்கே இருக்கும் ஒரே குழாய் எஸ்டிபி லைன், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்கு விடுவது. "குடிக்க உகந்ததல்ல" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறீர்கள், ஆனால் அடியில் தேங்குவதை நக்கிக் குடிக்கும் நாய்களில் ஒன்றுக்கும் படிப்பறிவு இல்லை. நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றும், தினமும் கவிழ்த்துக் கழுவக்கூடிய தொட்டி ஒன்றும் வேண்டும். கவிழ்க்க முடியாத சிமென்ட் தொட்டி கட்டினால் அதில் கொசு முட்டையிடும், எலி வந்து போகும், எலிக்காய்ச்சல் நாயையும் விடாது, நம்மையும் விடாது.

பராமரிப்பு குறைவு என்று வேலியோரம் அரளி வைத்திருக்கிறார்கள். நுழைவாயிலில் குட்டிப் பனை போலத் தெரியும் சைகஸ் செடித் தொட்டிகள் இருக்கின்றன. அரளி விஷம் என்பது ஊருக்கே தெரியும். சைகஸ் விதையைக் கடித்த நாய்க்குக் கல்லீரல் போய்விடும். நாய்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இவை இரண்டையும் வைக்க எப்படித்தான் தோன்றியதோ! இவற்றை எடுக்கப் பொதுக்குழுகூட வேண்டாம், ஃபெசிலிட்டி மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

செலவைப் பற்றி நாய் வளர்க்கும் வீடுகளில் சிலரிடம் பேசினேன். ஷேட் நெட், தண்ணீர்த் தொட்டி, மரக்கன்றுகள் ஆகியவற்றின் செலவை நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். நிழலில் ஒரு மர பெஞ்சும் எங்கள் பொறுப்பு. கான்கிரீட் பெயர்ப்பதும் குழாய் இழுப்பதும் கட்டட வேலை என்பதால் சங்கத்தின் பொதுச் சேமிப்பான கார்பஸ் ஃபண்டிலிருந்து வர வேண்டும். வேலிக்குள் கழிவை அள்ளுவதும், வருடாந்திர வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழைச் சங்கத்தில் காட்டுவதும் எங்கள் கடமை. இதில் தவறுகிறவர்களுக்கு அபராதம் போடுங்கள், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம்.

அக்கினி நட்சத்திரம் மே 4-ல் தொடங்குகிறது. அதற்குள் மரம் வளராது, கான்கிரீட்டும் பெயர்ந்துவிடாது. ஷேட் நெட் கட்டவும் குழாய் மாற்றவும் ஒரு வாரம் போதும். எனவே, டாக் பார்க்கை அகற்றுவது என்ற பொருளை, அடுத்த வருடப் பொதுக்குழு வரை தள்ளிவைப்பது என்று திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நிழலும் தண்ணீரும் கொடுத்த பிறகும் ஒரு கோடை முழுக்க அங்கே நாய்கள் வரவில்லை என்றால், பார்க்கிங்குக்கு ஆதரவாக நானே கை தூக்குகிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக்கில் ஒரு நாட்டு நாயோடு குடியிருக்கும் உறுப்பினர்