சரக்கு இல்லாததால் மூடப்படவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த தொலைக்காட்சி வரலாற்றுக் கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. அமெரிக்காவில் யு.எச்.எஃப். என்ற உயர்ந்த அலைவரிசையில் ஒளிபரப்பிய ஆரம்பகால நிலையங்கள் நிகழ்ச்சிகளில் சரக்கு இல்லாததால் மூடப்பட்டனவாம். சரக்கு இருந்ததா என்று பார்ப்பதற்கே வீடுகளில் வழி இல்லை, ஐயா!

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1952 ஏப்ரலில் 14 முதல் 83 வரை 70 யு.எச்.எஃப். சேனல்களைப் புதிதாகத் திறந்துவிட்டது. அதுவரை விற்ற பெட்டிகளோ 2 முதல் 13 வரையிலான, அதைவிடத் தாழ்ந்த வி.எச்.எஃப். அலைவரிசைச் சேனல்களை மட்டுமே பிடிக்கும். அந்தச் செப்டம்பரில் ஒரிகன் மாநிலப் போர்ட்லாந்தில் 27-ஆம் சேனல் தொடங்கியபோது ஊரில் வேறு நிலையமே இல்லை. அதனால் பழைய பெட்டியிலும் யு.எச்.எஃப். தெரியவைக்கும் கன்வெர்ட்டரை ஜனங்கள் வாங்கினார்கள். ஏற்கெனவே வி.எச்.எஃப். கிடைத்த ஊர்களில் யார் வாங்குவார்கள்? பார்க்க ஆளில்லாத நிலையத்துக்கு விளம்பரம் ஏது? போர்ட்லாந்து நிலையமே 1957-இல் 12-ஆம் சேனலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. புதுப் பெட்டிகள் எல்லாச் சேனல்களையும் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது 1962-இல். அமலுக்கு வந்தது 1964-இல். அதற்குள் பல நிலையங்கள் கடையைக் கட்டியிருந்தன.

சட்டம் வந்தும் தொல்லை தீரவில்லை. 1971-இல் நான் அட்லாண்டாவில் படிக்கப் போனேன். அறை நண்பரும் நானும் பழைய பெட்டி ஒன்றைப் பாதிப் பாதியாகக் காசு போட்டு வாங்கினோம். வி.எச்.எஃப். திருகு 'டக், டக்' என்று ஒவ்வொரு சேனலிலும் தானாக நிற்கும். யு.எச்.எஃப். திருகு ரேடியோ முள் மாதிரி. மயிரிழை தவறினாலும் படம் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்கள் வேறு. மழையில் அவை நனைந்தால் திரை முழுக்கப் புள்ளிமழைதான். நண்பர் வளைய ஆன்டெனாவைப் பிடித்தபடி நிற்க, நான் 17-ஆம் சேனலில் மல்யுத்தம் பார்ப்பேன். பாதியில் முறை மாறிக்கொள்வோம். இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சிக்காக மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிய நம்மூர்க்காரர்களுக்கு இது புரியும்.

நான் போவதற்குச் சில மாதம் முன்புதான் அங்கே 36-ஆம் சேனல் மூடப்பட்டிருந்தது. 17-ஆம் சேனலும் நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது 1970-இல் டெட் டர்னர் என்ற தொழிலதிபர் கைக்கு வந்ததுதான். பழைய சினிமா, பழைய தொடர்கள், மல்யுத்தம், பேஸ்பால் என்றே அதை ஓட்டினார். 1976 டிசம்பரில் அதைச் செயற்கைக்கோளில் ஏற்றிப் பல ஊர்களின் கேபிள் நிறுவனங்களுக்குக் கொடுத்தார். கேபிள் வந்த வீட்டில் அந்தப் பாழாய்ப்போன திருகுக்கு வேலையே இல்லை. அதே பழைய சினிமாவும் மல்யுத்தமும் நாடெங்கும் ஓடின.

கட்டுரையாளர் சொல்லும் 'சரக்கு' இடையில் மாறிவிட்டதா என்ன? கட்டுரை நூலாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மட்டுமாவது திருத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
ஈரோடு