ராபர்ட் பிளான்ட்டின் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூத்த ராக் பாடகர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டை முதுமையால் குரலை இழந்தவர் என்று ஒரே வரியில் கடந்து சென்றது. அவரை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

அவர் குரலில் மாற்றம் முதுமையில் தொடங்கவில்லை. 1971இல் வெளியான அக்குழுவின் நான்காவது ஆல்பத்தில் உச்சத்தில் நின்று பாடிய ‘ராக் அண்ட் ரோல்’ பாடலை, 1973 ஜூலையில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் அவர் மெட்டைச் சற்று மாற்றிக் கீழே இறக்கித்தான் பாடினார். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. மேல்ஸ்தாயியில் குரல்நாண்கள் விநாடிக்கு 400, 500 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானமின் முரசொலியையும் மின்கிட்டாரையும் மீறி, பல மணி நேரம் நீளும் கச்சேரிகளில், இரவுக்கு இரவு அப்படி வீறிட்டால் எந்தத் தொண்டைதான் தாங்கும்? அந்த ஆண்டுகளில் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரம் பேசாமலிருந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1975ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தின் ஒலிப்பதிவுகளில் அவர் குரலின் கரகரப்பு நன்றாகவே கேட்கிறது.

இளமையின் அந்த வீறிடல் திரும்பவில்லை என்பது உண்மை. அதை நானும் மறைக்க விரும்பவில்லை. 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில், தம் 59ஆம் வயதில் அவர் பழைய தோழர்களுடன் மேடையேறியபோது, பல பாடல்கள் சுருதி இறக்கியே வாசிக்கப்பட்டன. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பாடுகிறவரின் சாரீரத்துக்கு ஏற்பக் கட்டையை அமைத்துக்கொள்வது இசையறிவே அன்றி ஏமாற்று ஆகாது என்பது என் கருத்து.

அதே ஆண்டு அக்டோபரில் அவரும் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் பாடகி ஆலிசன் கிராஸும் இணைந்து பாடிய ‘ரெய்சிங் சாண்ட்’ ஆல்பம் வெளிவந்ததைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். தனிக்குரலாகவே முழங்கிப் பழகிய ஒருவர், தம்மைவிட 23 வயது இளையவரின் குரலுக்கு ஒரு படி கீழே நின்று, அவருடைய மூச்சோடு தம் மூச்சை ஒத்துவைத்துப் பாடுகிறார். பல இடங்களில் அது பாட்டா, காதருகே சொல்லும் சொல்லா என்று பிரித்தறிய முடியாது. 2009இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது அந்த இசை. இருபது வயதில் அவரிடம் இருந்த குரலால் இதைப் பாடியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனவே, 1980இல் லெட் செப்பலின் கலைந்த பிறகு அவர் பாடியவற்றைப் பற்றியும் இசையறிந்த ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி