பொங்கலுக்குப் பிறகும் உங்கள் பிள்ளைகள் வர வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டோம். மதிப்பெண் பட்டியலில் உங்களிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறோம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள். ஜூன் மாதத்திலிருந்து பள்ளியில் என்னென்ன நடந்தது என்று பிள்ளைகள் வீட்டில் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். படிக்க முடியாத பெற்றோருக்குப் பிள்ளைகளே வாசித்துக் காட்ட வேண்டும் என்று வகுப்பில் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

முதலில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் வேதாரண்யம் கரையைப் புரட்டிப் போட்டபோது இவர்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். கூரை போன வீடு, வேரோடு சாய்ந்த மாமரம், வாரக்கணக்கில் மின்சாரமில்லாத இரவு, எல்லாவற்றையும் பத்து வயதில் பார்த்தவர்கள். ஆறாம் வகுப்பு முடியும் நேரத்தில் கொரோனா வந்து பள்ளியை மூடியது. ஏழாம் வகுப்பை இவர்கள் வகுப்பறையில் படிக்கவே இல்லை. எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குள் காலெடுத்து வைத்தார்கள். அன்று வந்த பிள்ளைகளில் சிலருக்குத் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. பெருக்கல் வாய்பாடு மறந்துபோயிருந்தது. அதே பிள்ளைகள் இந்த மார்ச் மாதம் பொதுத்தேர்வு எழுதப் போகிறார்கள். இவர்கள் வாங்கப் போகும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் போட்ட நாடகம் வட்டார அளவில் முதலிடமும் மாவட்ட அளவில் இரண்டாமிடமும் பெற்றது. கோப்பை என் அறையில் இருக்கிறது. யார் வந்தாலும் பார்க்கலாம். ஆனால் அந்த நாடகம் உருவான விதத்தை நான் சொல்லியாக வேண்டும். 1930 உப்புச் சத்தியாகிரகம்தான் கதை. ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி, மாதக் கடைசியில் வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதோடு நிறுத்தாமல் உங்கள் தாத்தா பாட்டிகளிடம் போய்க் கேட்டு வாருங்கள் என்று தமிழாசிரியர் அனுப்பினார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டதும், ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதும் பிள்ளைகள் பெரியவர்கள் வாயால் கேட்டு வந்தவை. சவரத் தொழிலாளி வைரப்பன் கதையும் அப்படி வந்ததுதான். பாதிச் சவரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டு, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியும் மீதியைச் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனவர் அவர்.

வைரப்பனாக யார் நடிப்பது என்ற கேள்வி வந்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா சலூன் வைத்திருக்கிறார். "எங்க தாத்தாவோட பொட்டி வீட்ல இருக்கு டீச்சர், எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டான். மறுநாள் அந்தத் தகரப் பெட்டி வந்தது. மூடி துருப்பிடித்து, உள்ளே தேய்ந்துபோன தீட்டுக்கல்லும் மரப்பிடி போட்ட தூரிகையும் இருந்தன. கத்தியை மட்டும் அப்பா எடுத்து வைத்துக்கொண்டு அட்டையில் ஒன்று செய்து கொடுத்திருந்தார். மாவட்டப் போட்டி நடந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு நாகப்பட்டினம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "நான் மாட்டேன்" என்று மகன் மேடையில் நிமிர்ந்து சொன்னபோது அந்தத் தந்தையின் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பள்ளியில் நான் வேலை செய்ததற்கு எனக்கு அது போதும்.

விளையாட்டில் மாணவியர் கபடி அணி குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டப் போட்டிக்குப் போனது. அங்கே அரையிறுதியில் தோற்றோம். தோற்ற அணியைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த ஏழு பேரில் நான்கு பேர் விடியற்காலையில் முல்லை பறித்துவிட்டு ஏழு மணிக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள். வரும்போது விரல் நுனியில் பூ வாசம் இருக்கும், பாவாடை ஓரம் பனியில் நனைந்திருக்கும். ஒருத்தியின் அம்மாவிடம், போட்டிக்கு முந்தின நான்கு நாளாவது பிள்ளையைத் தூங்க விடுங்கள் என்று கேட்டேன். "நாலு நாளு பூக்கூலி போச்சுன்னா கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது டீச்சர்?" என்றார். சரிதான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பெண் நேராகப் பயிற்சிக்கு வந்தாள். அவள் பங்குப் பூவையும் அம்மாவே பறித்தார் என்று பிறகுதான் தெரிந்தது. சுழற்கோப்பை வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். அந்த அம்மாவுக்கு நான் இந்தக் கடிதத்தில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் கோடியக்கரைக்குப் போய்ப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பேடு எழுதி வருகிறார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பூநாரை பார்க்க வருகிறார்கள், நம் பிள்ளைகளில் பலர் இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள். குறிப்பேடுகள் நூலகத்தில் இருக்கின்றன.

இனி நான் மனதில் வைத்திருப்பதைச் சொல்கிறேன். மழை ஓய்ந்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் உப்பளத்தில் பாத்தி கட்டும் வேலை தொடங்கிவிடும். மார்கழிப் பனியில் பூ குறைந்து விலை ஏறியிருக்கிறது. ஆண்டுதோறும் இதே நேரத்தில்தான் வருகைப் பதிவேட்டில் சுழி விழத் தொடங்குகிறது. முதலில் திங்கட்கிழமை மட்டும் வராமல் இருப்பார்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். மாசி பிறக்கும்போது பையன் முழுதாக அளத்துக்குப் போயிருப்பான். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இருக்காது.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேடி நானும் கணக்காசிரியரும் அளத்துக்கே போனோம். பதினொரு மணி வெயில். வெள்ளைப் பாத்தியைப் பார்க்கக் கண் கூசியது. அவன் வாருபலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான், எங்களைக் கண்டதும் அதைக் கீழே போடவும் தெரியாமல் பிடிக்கவும் தெரியாமல் தவித்தான். கணுக்கால் வரை உப்புத்தண்ணீர் அரித்த புண். அவன் அப்பா எங்களை வரப்பில் உட்காரச் சொல்லி, தலைத்துண்டை அவிழ்த்துத் தரையைத் தட்டிவிட்டார். கோபப்படவில்லை. "எனக்குக் கண்ணு மங்கிருச்சு டீச்சர், ரெண்டு ஆளு வேலையை ஒரு ஆளு எத்தனை நாளைக்குப் பாக்குறது?" என்றார். பேசினோம். மறுநாள் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் இருவர். அடுத்த திங்கட்கிழமை பையன் வகுப்பில் இருந்தான். இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறான். அரசு கொடுத்த சைக்கிளில்தான் தினமும் வருகிறான்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் நான் பேசவில்லை. ஒரு நாள் கூலி என்பது ஒரு நாள் அடுப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் படிப்பின் பக்கம் இருக்கும் கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்கில் விழும். சென்ற முறை நம் பள்ளியில் இரண்டு பேர் தேர்வானார்கள். அதில் ஒருத்தி உப்பளத் தொழிலாளியின் மகள். 180 கேள்விகள் கொண்ட அந்தத் தேர்வுக்குச் சனிக்கிழமைதோறும் வந்து பயிற்சி எடுத்தவள். அந்த உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். இணைக்காதவர்கள் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் உண்டு. பையன்களுக்கும் அதேபோல 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்துவிட்டது. இதைவிடப் பெரியது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு. 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இப்படிச் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. சென்ற ஆண்டு நம் பள்ளியிலிருந்து ஆறுகாட்டுத்துறை மீனவர் ஒருவரின் மகன் நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மீன்வள அறிவியல் சேர்ந்திருக்கிறான். அவன் அப்பா வலை பின்னிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "மீனைப் பத்தி அங்க என்ன டீச்சர் சொல்லிக் குடுப்பாங்க, எனக்குத் தெரியாததா?" பொங்கல் விடுமுறைக்கு மகன் வந்ததும் இருவரும் பேசிக்கொள்ளட்டும். இருவருக்குமே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு மாப்பிள்ளை பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பதினெட்டு வயது நிறையும் முன் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். அப்படி ஏதாவது பேச்சு வீட்டில் வந்தால் பிள்ளைகள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம் என்று எல்லா வகுப்பிலும் எழுதிப் போட்டிருக்கிறோம். வயது நிறைந்த பிறகும்கூட, ஒரு பட்டம் வாங்கும்வரை பொறுத்திருங்கள் என்று ஒரு பெண்ணாக உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே படித்துவிட்டுச் செவிலியராகத் திருவாரூரில் வேலை பார்க்கும் பெண் போன மாதம் வந்திருந்தாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தோடு வாங்கினாளாம். மிச்சத்தில் நம் நூலகத்துக்கு அகராதிகள் வாங்கி வந்திருந்தாள்.

பதினொன்றாம் வகுப்புக்கு 2025-26 கல்வியாண்டிலிருந்து பொதுத்தேர்வு இல்லை. அதற்காக இந்த ஆண்டை ஓய்வு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும் இயற்பியலும் பதினொன்றின் மேல்தான் நிற்கின்றன.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொங்கலுக்குப் பிறகும் மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு தொடரும். பசியோடு படிக்க முடியாது என்பதால் மாலையில் ஏதாவது சாப்பிடக் கொடுக்கிறோம். இதை இப்போது மேலாண்மைக் குழுவில் உள்ள அம்மாக்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் அவித்த வேர்க்கடலை. குழுவிலேயே இல்லாத ஒரு பாட்டி, தேத்தாகுடியிலிருந்து வள்ளிக்கிழங்கை அவித்துத் துணியில் கட்டிச் சூடு ஆறாமல் கொண்டு வந்தார். பேரன் படிக்கிறானா என்று கேட்டேன். அவன் போன வருடமே முடித்துப் போய்விட்டானாம். "அதனால என்ன டீச்சர், மத்த புள்ளைங்க இருக்குல்ல" என்றார்.

பூ பறித்துவிட்டு வரும் பிள்ளைகள் தாமதமானால் வாசலில் நிறுத்தி வைக்க மாட்டோம். பிப்ரவரி முடியும்வரை முதல் பாடவேளையைத் திருப்புதலுக்கு ஒதுக்கியிருக்கிறோம், புதுப்பாடம் இரண்டாம் பாடவேளையில்தான் தொடங்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஆசிரியர்கள் அனைவரும் மனமுவந்து சம்மதித்தார்கள். நாங்கள் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறோம். நீங்களும் ஒரு படி ஏறி வாருங்கள்: பரீட்சை முடியும்வரை பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அளத்துக்கும் பூவுக்கும் கூப்பிடாதீர்கள். முடியவே முடியாத வீடு என்றால் ஒளிக்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள். கண்ணாடி வாங்கிக் கொடுத்ததுபோல ஏதாவது ஒரு வழி பார்க்கலாம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்குப் பெற்றோர் கூட்டம். சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில், கஜாவுக்குப் பிறகு பிள்ளைகள் நட்ட பூவரச மரங்களின் அடியில் பாய் விரித்து வைப்போம். வேலையிலிருந்து நேராக வரலாம், உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்றில்லை. கைக்குழந்தையையும் தூக்கி வரலாம். அன்று நாடகத்தை மீண்டும் ஒருமுறை போடுகிறார்கள். தகரப் பெட்டியை இரவல் தருவதாகச் சலூன்காரர் சொல்லிவிட்டார்.

உங்கள் எல்லோர் வீட்டிலும் பொங்கல் நன்றாகப் பொங்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்