படம் எடுப்பவருக்குக் காசு கொடுப்பது பற்றி

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை நம்ம சால்சா நடன நிகழ்ச்சியில் எடுத்த படங்களுக்கு நம்ம போட்டோகிராபர் கட்டணம் கேட்டதும் குழுவில் கொஞ்சம் சூடாகிவிட்டது. "ஆடுறது நாங்க, சம்பாதிக்கிறது அவரா?" என்று ஒருவர் கேட்டார். பாதி நியாயம். ஆனால் டிஜேக்கும் ஹாலுக்கும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம்; கேமரா பிடிப்பவர் மட்டும் ‘நம்ம ஆளுதானே’ ஆகிவிடுகிறார்.

அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரு சுழற்சி படத்தில் கலங்காமல் விழ, கேமராவின் ஷட்டர் 1/250 நொடிக்குள் திறந்து மூட வேண்டும். அதற்கு நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 1.8 லென்ஸ் வேண்டும், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-க்கு மேல் வைக்க வேண்டும். அப்படியும் பல படங்களில் கண் மூடியிருக்கும், இல்லையென்றால் பக்கத்து ஜோடியின் முழங்கை முகத்தை மறைக்கும். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். (நானும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் ஆவி மாதிரி இருந்தீர்கள்.)

இனி நுழைவுக் கட்டணத்திலிருந்தே அவருக்கு ஒரு தொகை போகும். குழுவில் போடும் படங்கள் இலவசம். தனியாகப் பெரிய அளவில் வேண்டுபவர்கள் அவரிடமே பேசிக்கொள்ளுங்கள். படத்தின் மேல் இருக்கும் அவருடைய அடையாளத்தை (வாட்டர்மார்க்) வெட்டிவிட்டு ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள், ப்ளீஸ்.

படமே வேண்டாம் என்பவர்கள் வாசலில் சிவப்புப் பட்டை வாங்கிக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் முகம் இருக்கும் படத்தை உங்களைக் கேட்காமல் போட்டோகிராபர் விளம்பரத்துக்குத் தரமாட்டார். இதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.