டசாரா (TAZARA) ரயிலில் கூட வந்த அம்மாவுக்கு நன்றி

தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி எம்போஷி வரை, சீன உதவியோடு 1970களில் போட்ட டசாரா ரயில் பாதை, 1860 கிலோமீட்டர். அதில் கீழ்ப் படுக்கையில் வந்த அம்மாவுக்குத்தான் இந்தப் பதிவு. பெயரைப் போட அவரிடம் கேட்கவில்லை, அதனால் விடுகிறேன்.

அம்மா, ரயில் நடுக்காட்டில் நின்றுவிட, நான் மணி பார்த்துப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தபோது, என் கைக்குத் தண்ணீர் ஊற்றி, நம்ம ஊர்க் களி மாதிரி இருந்த மக்காச்சோள உகாலியைப் பிட்டு உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, அதில் கீரையை அள்ளிக் காட்டினீர்கள். எனக்குப் பதற்றம் அடங்கியது அங்கேதான்.

அப்புறம் எல்லையில் பணம் மாற்றுகிறவர்கள் ஏறினார்கள். ஜாம்பியா 2013இல் தன் நாணயமான குவாச்சாவில் மூன்று சைபரை எடுத்துவிட்டது, பழைய நோட்டு செல்லாது. எனக்கு வந்த நோட்டுக் கட்டில் ஒரு பழைய நோட்டு இருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உருவி, நல்ல நோட்டாக வாங்கித் தந்ததும் நீங்கள்தான்.

கபிரியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. விடியும்வரை நிலையத்திலேயே என்னோடு உட்கார்ந்திருந்து, லுசாகா பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் உங்கள் மூட்டையைத் தூக்கினீர்கள்.

மலாவி, மொசாம்பிக் என்று மீதிப் பயணம் முழுக்க, ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் நானே முதலில் பேசினேன். அந்தத் தைரியம் நீங்கள் கொடுத்தது. ரொம்ப நன்றி அம்மா.